பசுவுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில்

பனங்கட்டிக் குட்டான் ஒன்று என் முன்னால் மேசையில் இருக்கிறது. பனையோலையில் பின்னிய, உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னப் பெட்டி, உள்ளே பனைவெல்லம். நேற்றுக் காலை சான்ட்ரிங்ஹாம் கடைக்கு உளுத்தம்மா வாங்கப் போனேன். தட்டில் இதைக் கண்டு எடுத்து மூக்கருகே பிடித்தேன். அவ்வளவுதான், மாவை மறந்து இதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அலுமாரியைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போய் ஐந்து மாதம். உயிரோடு இருந்தபோது உனக்குச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று நாலு வருடமாக என் வாய்வரை வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்கு எழுதியே தீருவது என்று உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. இந்த நாலு வரியை எழுதுவதற்குள் இரண்டு தரம் எழும்பிப்போய் அடுப்பு நூர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். இன்றைக்கு அடுப்பு மூட்டவே இல்லை. நீ இருந்தால் "ஒரு இடத்தில இரடி" என்று அதட்டியிருப்பாய்.

நாம் முதலில் சந்தித்தது மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற அந்தப் பெரிய சமையல்கூடத்தில். கரண்டி, முள்ளுக்கரண்டி, துடைக்கிற கடதாசி, உப்பு, சீனிப் பக்கெற் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு மூடுவது நம் இருவரின் வேலை. ஊர் எது என்று கேட்டேன். சொன்னாய். எனக்கும் அதே ஊர். ஊரில் எந்தப் பக்கம் என்று அடுத்துக் கேட்டேன். எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் கண்டால் இரண்டாவதாகக் கேட்கிற கேள்வி அது. எதை அறியக் கேட்கிறோம் என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். நீ நிமிராமல் "பனங்கூடலுக்கு அங்கால" என்றாய். எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் வீட்டு வளவுக் கிணற்றில் உன் ஆட்கள் தண்ணீர் அள்ள முடியாத காலம் நான் பிறந்த பிறகும் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நீ என்னை "நீங்கள்" என்றாய், நான் உன்னை "நீ" என்றேன். இருவருக்கும் ஒரே வயது, ஒரே சீருடை, தலையில் ஒரே வலைத்தொப்பி. ஒரு நாள் ஓடுகிற பெல்ற்றில் உறைகள் குவிந்து நான் திணறிக்கொண்டு நிற்க, "விலகடி, நான் பாக்கிறன்" என்று இடித்துக்கொண்டு வந்தாய். அன்றோடு "நீங்கள்" போயிற்று. எனக்கு முதலில் சுருக்கென்றது. ஒளிக்காமல் அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் அந்த "டி" கேட்காத நாள் எனக்கு நாளாகவே இல்லை.

சீனியில்தான் உனக்கு ஒரு தேடல் பிடித்தது. ஒரு பக்கெற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சீனியையும் முதன்முதலில் இந்த வெள்ளைக்காரருக்கு யார் செய்து கொடுத்தது என்று கேட்டாய். எனக்கென்ன தெரியும், மில்லில் செய்திருப்பார்கள் என்றேன். அடுத்த கிழமை நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தாய். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் ஒரு பக்கம், கழிப்பறைக்குப் போகிற சாட்டில் அரைப் பக்கம். வேலை முடிந்து என் காரில் ஏறினால் மோட்டர்வே முழுக்க அதே கதைதான். கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்க் கரும்புத் தோட்டங்களில் விற்ற ஆபிரிக்கச் சனத்தின் கதை.

எனக்கு அவர்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சங்கிலியும் சவுக்கும்தான். நீ சொன்னது அவர்களுடைய நாளை. விடியமுன் சங்கு ஊதுமாம். நமக்குச் சங்கு கோயிலிலும் செத்தவீட்டிலும்; அவர்களுக்கு அது வயலுக்கு. உடம்பில் பலம் உள்ளவர்கள் ஒரு கூட்டமாகக் கரும்புக்குக் குழி வெட்டப் போவார்கள். வயது போனவர்கள், நோயில் எழும்பினவர்கள் இன்னொரு கூட்டம். ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் புல்லுப் பிடுங்குகிற கூட்டம். கரும்பு வெட்டுகிற காலத்தில் ஆலை நிற்காது. நித்திரை தூங்கி, கரும்பு பிழிகிற உருளைக்குள் கை அகப்பட்டால் அந்தக் கையை வெட்டி ஆளை எடுப்பதற்கென்று பக்கத்திலேயே ஒரு கோடாலி வைத்திருப்பார்களாம். இதை நீ சொன்னபோது நான் என்னையறியாமல் பிரேக்கை அழுத்த, பின்னால் வந்தவன் ஹோர்னில் கையை வைத்தபடி கடந்துபோனான். நீ அதோடு நிற்பாட்டவில்லை. தங்களுக்கென்று விட்ட மூலைத் துண்டு நிலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கிழங்கும் வெண்டியும் போட்டதை, மிஞ்சினதைத் தலையில் சுமந்து சந்தைக்குக் கொண்டுபோனதை, பக்கத்துத் தோட்டத்தில் இருந்த மனைவியைப் பார்க்க ஒருவன் மைல்கணக்காக நடந்ததை எல்லாம் வீடு வரும்வரை சொன்னாய். எனக்கு வெண்டிக்காய் வெட்டும்போது இப்போதும் அந்த நினைவு வருகிறது.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான் சின்னதுகளுக்கு அரிச்சுவடி, நீ பெரிய பிள்ளைகளுக்குப் பாடம். உன் மகளுக்கு ஆனா ஆவன்னா எழுதப் பழக்கியது நான். பிறகு அவள் உன் வகுப்புக்கு வந்தாள். ஒரு தவணை முழுக்க நீ இதையே எடுத்தாய். ஏதோ ஒரு தோட்டத்துத் துரை தன் உடைமைகளை எழுதிவைத்த பட்டியலை அச்செடுத்து வந்தாய். கோவேறு கழுதைகள், செம்புக் கிடாரங்கள், நடுவில் மனிதர்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெயர் என்று பிரித்துக் கொடுத்தாய். குவாஷி என்றால் ஞாயிறு பிறந்தவன், பீபா என்றால் வெள்ளி பிறந்தவள் என்று சொன்னாய். உன் மகளுக்குப் பீபா கிடைத்தாள். அந்தப் பெயருக்குரியவரின் ஒரு நாளைத் தமிழில் எழுதவேண்டும், மூன்று கேள்விக்கு அதில் பதில் இருக்கவேண்டும். பலகையில் எழுதிப்போட்டு எல்லாரையும் சேர்ந்து சொல்ல வைத்தாய்: அவை எங்க படுத்தவை? ஞாயிற்றுக்கிழமை என்ன சமைச்சவை? பிள்ளையின்ர தலையை ஆர் வாரி இழுத்துவிட்டது?

ஒரு பிள்ளை சவுக்கடியோடு தொடங்கி எழுதிக்கொண்டு வந்தது. "சவுக்கு துரையின்ர. அதை அவன் எழுதட்டும். நீ குவாஷியின்ரயை எழுது" என்று திருப்பிக் கொடுத்தாய். தேவாரம் படிப்பிக்க அனுப்பினால் ஆபிரிக்கக் கதை படிப்பிக்கிறீர்கள் என்று ஒரு தகப்பன் என்னிடம் வந்து சத்தம்போட்டார். வகுப்புச் செயலாளர் என்ற முறையில் அவரைச் சமாளித்து அனுப்பினேன். உன் பக்கம் நின்றதில் எனக்குச் சரியான பெருமை.

அந்தப் பெருமைதான் என்னை மாட்டிவிட்டது. எதையும் நாலு பேர் அறியச் செய்யாவிட்டால் எனக்குச் செய்த மாதிரி இருக்காது, உனக்குத் தெரியும்தானே. ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து தேத்தண்ணி ஊற்றுகிற நேரம், இனிமேல் எனக்குச் சீனி வேண்டாம், அவ்வளவு சனத்தின் இரத்தம் அதில் இருக்கிறது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். கைப்பையிலிருந்து குட்டானை எடுத்து, ஒரு துண்டுப் பனங்கட்டியை உடைத்துக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணியைக் குடித்தேன். நீ என்னைப் பார்த்தாய். பிறகு சிரிக்கத் தொடங்கினாய். கதிரையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்டும்வரை சிரித்தாய்.

"எடியே, பனைக்கு ஆர் ஏறினது?"

எங்கள் வளவுப் பனைகளில் ஏறியது உன் தகப்பன், உன் அப்பு. பதநீர் காய்ச்சிப் பனங்கட்டி ஊற்றியது உன் வீட்டுப் பெண்கள். குட்டான் பின்னியதும் அவர்கள்தான். அது எனக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்துகொண்டுதான் கடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் துண்டை விழுங்கவும் முடியவில்லை, உன் முன்னால் துப்பவும் முடியவில்லை.

காரில் வரும்போது நீ சிரிக்கவில்லை. கடல் தாண்டிக் கொண்டுபோய் விற்றதையும் ஊரில் நடந்ததையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை, அவர்கள் பட்டது வேறு, அதற்கு ஈடு வைக்க நமக்கு உரிமை இல்லை என்றாய். பனையில் ஏறி உரசின அப்புவின் நெஞ்சைத் தொட்டால் செருப்புத் தோல் மாதிரி இருக்கும் என்றாய். பிறகு சொன்னது இது:

"அந்தச் சனத்துக்கு ஒரு லிஸ்ட் எண்டாலும் இருக்கடி. பாழாப்போன லிஸ்ட்தான், கழுதையோட சேத்து எழுதினதுதான். எண்டாலும் அவையின்ர வழியில வந்த பிள்ளையள் இண்டைக்கு அதில விரல் வைச்சுத் தேடுகினம். எங்கட ஆக்களையும் சீதனமாக் குடுத்தவை எண்டு அப்பு சொல்லுவார். ஆரைக் குடுத்தவை? ஒரு பேர்கூட இல்லை."

அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாய், எங்கள் வீட்டில் பழைய உறுதிப் பத்திரங்கள் இருந்ததே, அதில் ஏதாவது இருக்குமா என்று.

"இருந்தாலும் அப்பிடி ஒண்டும் எழுதியிருக்காது" என்றேன்.

பொய். அதைத்தான் நாலு வருடமாகச் சுமந்துகொண்டு திரிகிறேன்.

ஷெல்லடிக்கு ஓடுகிறபோது எங்கள் வீடுகளில் முதலில் தூக்குவது உறுதிப் பையை. காணி உறுதி, சீதன உறுதி எல்லாம் அதற்குள் இருக்கும். நகையை விட்டவர்கள் உண்டு, உறுதிப் பையை விட்டவர்கள் இல்லை. நான் ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பை என்று வாய்க்கால் வரம்பால் ஓடியிருக்கிறேன். இதை உனக்கு ஒரு தரம் வீரக்கதையாகச் சொல்ல, "நாங்கள் கையை வீசிக்கொண்டு ஓடினனாங்கள், சுகமா இருந்தது" என்றாய். அந்தப் பை அகதி முகாம், கொழும்பு, விமானம் எல்லாம் தாண்டி இங்கே என் அலுமாரியில், பூச்சி உருண்டைகளோடு, குளிர் காலச் சட்டைகளுக்குக் கீழே கிடக்கிறது. நேற்று நான் திறந்தது அதைத்தான்.

அதற்குள் ஒரு பழைய சீதன உறுதி இருக்கிறது. என் தாய் வழியில் எத்தனையோ தலைமுறைக்கு முந்தின ஒருத்தியின் கலியாணத்துக்கு எழுதியது. ஓலையில் இருந்ததை யாரோ பிறகு காகிதத்தில் படியெடுத்து வைத்திருக்கிறார்கள். வளவு, கிணற்றில் பங்கு, பனைகள், செம்புக் குடம், பசுவும் கன்றும். அடுத்த வரி, அடிமைப்பெண் சின்னியும் அவள் மகள் கதிரியும். அதற்கு அடுத்த வரி, பித்தளைக் குத்துவிளக்கு. உன் துரையின் பட்டியலை நீ வகுப்பில் விரித்தபோதே எனக்கு இந்த வரி ஞாபகம் வந்தது. விசா அலுவலுக்காக ஒரு முறை எல்லா உறுதிகளையும் பிரித்துப் பார்த்தபோது இந்த வரியை வாசித்திருந்தேன். வாசித்துவிட்டு மடித்த மடிப்பிலேயே மடித்து வைத்துவிட்டேன்.

அவர்கள் உன் ஆட்கள்தான் என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. ஆனால் எங்கள் வளவுக்கு வேலை செய்தது பனங்கூடலுக்கு அங்கால் இருந்தவர்கள், அது உன் ஆட்கள். உன்னிடம் காட்டியிருந்தால் நீ அப்புவிடம் கேட்டதையெல்லாம் ஞாபகப்படுத்தி ஏதாவது முடிச்சைப் பிடித்திருப்பாய். அதற்கு வழி இல்லாமல் செய்தது நான்.

ஏன் காட்டவில்லை? வெட்கம் என்று சொல்லலாம், அது பாதி. மற்றப் பாதி பயம். அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு நீ என்னைப் பழையபடி "நீங்கள்" என்று கூப்பிடுவாய் என்று பயந்தேன். அறுபது வயதில் எனக்கு "எடியே" என்று கூப்பிட இந்த நாட்டில் வேறு ஆள் கிடையாது.

ஆசுபத்திரிக்கு மூன்று முறை அந்த உறுதியைக் கொண்டு வந்தேன். என்னடி பையில் என்று கேட்டாய். இடியப்பம் என்றேன். உண்மைதான், மேலே இடியப்பம், கீழே உறுதி. கடைசியாக வந்த அன்று உன் குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. "ஏதோ சொல்ல வந்தனி" என்றாய். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அடுத்த நாள் விடியமுன், நீ போய்விட்டாய் என்று உன் மகள் போன் எடுத்துவிட்டாள். இந்த இடத்தில் மறுபடி எழும்பிப் போனேன். வெளியே போய்க் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வைத்தேன். குப்பை எடுக்க வருவது புதன்கிழமை, அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

நேற்றுப் பின்னேரம் உறுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மனுரேவாவுக்கு, உன் மகள் வீட்டுக்குப் போனேன். மோட்டர்வேயில் மங்கரேயைத் தாண்டும்போது ஒரு விமானம் தலைக்கு மேலால் தாழ்ந்து இறங்கியது. அதற்குள் கரண்டி உறைகள் இருக்கும் என்று நினைத்தேன். திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு இடத்தில் நினைத்தேன். உன் மகள் சரக்கு அலுவலகத்தில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். நான் தமிழில் கேட்க அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, தேத்தண்ணி ஊற்றினாள். சீனி போடவா என்று கேட்டாள். கேட்டபடியே போட்டுவிட்டாள், குடித்தேன்.

பிறகு உறுதியை விரித்தேன். எந்த இடம் என்று கேட்டாள். நான் காட்டவில்லை, வாசி என்றேன். பசுவைத் தாண்டி அவள் விரல் போயிற்று. எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள், நான் பழக்கிய மாதிரியே, உதட்டை அசைத்து. சி, ன், னி. சின்னி. க, தி, ரி. கதிரி. விரலை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முன்னுக்கு இருந்த சொல்லை அவள் வாசித்துவிட்டாள் என்று முகத்தில் தெரிந்தது.

அம்மா இதைப் பார்த்தாவா என்று கேட்டாள். இல்லை, நான் காட்டவில்லை என்றேன். உங்களிடம் எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டாள். எப்போதுமே இருந்தது என்றேன். அவள் ஏசுவாள், எழும்பிப் போகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் ஏசவில்லை. குனிந்து அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தாள். பிறகு, அதுவரைக்கும் ஆங்கிலம் கதைத்த பிள்ளை, உன் பலகையில் இருந்த எழுத்து மாறாமல், உன் குரலில் கேட்டாள்:

"அன்ரி, அவை எங்க படுத்தவை?"

தெரியாது என்றேன். உறுதியை அவளிடம் விட்டுவிட்டு வந்தேன். வைத்திருக்கவா என்று கேட்டாள், உன்னுடையதுதான் என்றேன்.

தெரியாது என்றது பொய்யில்லை. சொன்னபோது எனக்குத் தெரியாது. வருகிற வழியில்தான் தெரிந்தது. காரை மோட்டர்வே ஓரத்தில் நிற்பாட்டி, லைற்றைப் போட்டுவிட்டு இருந்தேன். அப்போதிருந்து இந்த வீட்டுக்குள் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

எங்கள் வளவில் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால், வேலியோரமாக, ஒரு மண் திட்டி இருந்தது. இரண்டு பேர் காலை மடக்கினால் படுக்கலாம். கூரை எந்தக் காலத்திலோ போய்விட்டது. ஒரு மூலையில் மூன்று கல்லு, உட்பக்கம் கறுத்துப்போய். அது அடுப்பு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாருடைய அடுப்பு என்று ஒருவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சிரட்டையில் மண்ணைக் குழைத்து அந்த மூன்று கல்லில் ஏற்றிச் சோறு கறி ஆக்குவேன். எனக்கு அது விளையாட்டு வீடு. இருட்டுப்படும்போது கையெல்லாம் கரியோடு போய் நிற்பேன். அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், அந்தக் கிணற்றுத் தண்ணியில் தேய்த்துக் கழுவிவிடுவா.

விடிந்ததும் மனுரேவாவுக்குப் போய் உன் மகளிடம் பதிலைச் சொல்லப்போகிறேன். கேள்வி உன்னுடையது, அதனால் முதலில் உனக்கு. அவை அங்கதான் படுத்தவை. நான் அவையின்ர அடுப்பில விளையாடினனான்.